முப்பத்திரண்டாவது ஆட்சேபணை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர், நிறைவேறிய தீர்மானங்கள் பதினொன்று. பொருளாளர் சிதம்பரநாதன் வழக்கம்போல் இரண்டாவது தீர்மானத்தில் கண்ணை மூடி, போண்டா வந்ததும் திறந்தார். ஆனாலும் 'ஏகமனதாக' என்று எழுதுவதில் ஒரு தடையும் இல்லை. தூங்குகிறவர் எதிர்ப்பதில்லை.

முக்கியமான செய்தி: எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வருகிறது. மழைக்கு முன் மாநகராட்சி போட்டுவிடுமாம். கூட்டத்தில் ஒரே கைதட்டல். வீட்டுக்கு வந்து வேதவல்லியிடம் சொன்னேன். அவள் கைதட்டவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சுரண்டிட்டுப் போடுறாங்களா, இல்ல அப்படியே மேலயே போடுறாங்களா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வந்தோம். பழைய சாலையை எடுக்காமல் அதன் தலைமேலேயே புதுசு போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். வீடு நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது, தெருதான் வளர்ந்துவிட்டது. போன ஐப்பசி மழையில் முன்னறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த முன்னறைதான் வேதவல்லியின் தையற்கடை. நான்கு மெஷினும், தீபாவளிக்குத் தைத்து வைத்த முப்பத்தாறு ஜாக்கெட்டும் சாக்கடைத் தண்ணீரில் ஊறின. எங்கள் நித்யகல்யாணி நகரில் பாதிப் பெண்கள் பழைய ஜாக்கெட்டோடு தீபாவளி கொண்டாடினார்கள். இன்னமும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நான்தான் அந்த மழையைக் கூப்பிட்டு வந்தவன்போல.

"இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா, மெஷினை எல்லாம் தூக்கிக்கிட்டு ஓசூருக்கு மக வீட்டுக்கே போயிடுவேன். நீங்க இங்கயே இருந்து தீர்மானம் போடுங்க" என்றாள்.

"செயலாளர் வீட்டிலேயே இருக்கும்போது உனக்கென்ன கவலை" என்றேன்.

சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

மண்டல அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் பர்வீன் சின்ன வயதுப் பெண், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்தார்.

"உங்க தெருவுக்கு மெஷின் வச்சு சுரண்டிட்டுத்தான் போடறதா இருந்தது சார். அதைக் கேட்டு ஒரு மனுவும் வந்திருக்கு, நாற்பத்தொரு கையெழுத்தோட. ஆனா ஒரு ஆட்சேபணை வந்ததால அந்த வேலையை எடுத்துட்டோம்."

"எந்த மடையன் கொடுத்தான்?" என்று கேட்டேன்.

பொறியாளர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

'பழைய சாலையைச் சுரண்டுவதால் எழும் தூசியினால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் சுவாசக் கோளாறு உண்டாகும் என்பதால், மேற்படி சாலையைச் சுரண்டாமல் அப்படியே அதன் மேலேயே புதிய சாலை அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' நாள் ஜூலை 21. கீழே, ந. அம்பலவாணன், செயலாளர்.

நடை நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்தும் என்னுடையதைப் போலவே இருந்தது. இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடிவதில்லை.

சுரண்டச் சொல்லும் அந்த மனுவையும் காட்டினார். அது எதிர்ச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துகள். முதல் கையெழுத்து 'வேதவல்லி அம்பலவாணன்' என்பதுபோல் தெரிந்தது. அதற்குள் நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், ஆகவே உறுதியாகச் சொல்வதற்கில்லை.

"இந்த ஒரு தாளை மட்டும் மெதுவாக எடுத்துவிட முடியுமா?" என்று ஆட்சேபணையைக் காட்டிக் கேட்டேன்.

"இன்வர்டு நம்பர் போட்டாச்சே சார். தர்ற ஒவ்வொரு மனுவுக்கும் நம்பர் போடணும், ஒரு தாள்கூடக் காணாமப் போகக்கூடாதுன்னு நீங்கதானே நாலு வருஷம் போராடி வாங்கினீங்க?"

உண்மை. அதற்காக ஆறு முறை உண்ணாவிரதம் அறிவித்து, ஒரு முறை இருந்தும் இருக்கிறேன்.

வழி இரண்டுதானாம். இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டுக் கடிதம் தர வேண்டும். இல்லையென்றால், செப்டம்பர் 15 அன்று நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் ஆட்சேபித்தவரே எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் வாபஸ் வாங்க வேண்டும். அது குறிப்பேட்டில் ஏறும்.

கூட்டுக் கடிதமே உத்தமம் என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிற்காலத்தில் யாராவது இந்த டைரியைப் படித்தால் குழம்பக்கூடாது. ஆகவே சிலவற்றைப் பதிவு செய்கிறேன்.

நித்யகல்யாணி நகரில் மொத்தம் நான்கு தெருக்கள், இரண்டு சங்கங்கள். எங்களுடையது குடியிருப்போர் நலச் சங்கம். மற்றது குடியிருப்போர் பொதுநலச் சங்கம், அதன் செயலாளர் ஞானப்பிரகாசம். முன்பு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் குடியரசு தினத்தன்று தலைவர் கயிற்றை இழுத்தபோது முடிச்சு இறுகிக் கொடி விரியவில்லை. செயலாளர் என்ற முறையில் அவருக்கு உதவ வேண்டியவன் நான். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னே போவதற்குள், அப்போது துணைச் செயலாளராக இருந்த ஞானப்பிரகாசம் பின்னாலிருந்து வந்து ஒரே இழுப்பு இழுத்தார். பூவெல்லாம் அவர் தலையில் கொட்டியது. போட்டோவிலும் அவர்தான் இருந்தார். மறுவாரமே சங்கம் இரண்டானது.

அன்றிலிருந்து அவர் எதைக் கேட்டு மனுக் கொடுத்தாலும் நான் ஆட்சேபிப்பது வழக்கம். நான் கொடுப்பதற்கு அவரும் அப்படியே. வேலை சுலபமாக இருக்க ஒரு படிவம் தயாரித்து இருநூறு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். காரணம் எழுதும் இடம் மட்டும் காலி. இது இரண்டு பக்கமும் உள்ள நடைமுறைதான். இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.

ஜூலை 21 அன்று எனக்குக் கடும் பல்வலி. அதையும் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று நாளாக என் அறை பெருக்கப்படவில்லை. கேட்டதற்கு வேதவல்லி, "பெருக்கினா தூசி எழும்பும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் சுவாசக் கோளாறு உண்டாகும்" என்றாள்.

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. நல்ல வாக்கியம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மின்விசிறியைத் துடைக்கச் சொன்னேன். பழைய தூசி அப்படியே இருக்கட்டும், அதன் மேலேயே புதுத் தூசி படியட்டும் என்கிறாள். தற்செயல்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவின் மேற்குக் கோடியில் எங்கள் கொடி, கிழக்குக் கோடியில் அவர்கள் கொடி. இரண்டு ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் பாடியதில் எந்தப் பாட்டும் புரியவில்லை. பிள்ளைகள் இங்கே மிட்டாய் வாங்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள். நாங்கள் ஆரஞ்சு மிட்டாய். அவர்கள் ஜாங்கிரி, வீண் ஆடம்பரம்.

மதியச் சாப்பாட்டில் என் இலையில் ஒரு ஜாங்கிரி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆறிப்போகும் முன் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் தோசை. முதல் தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு கரண்டி மாவை ஊற்றி, இரண்டையும் சேர்த்துப் பெயர்த்துத் தட்டில் வைத்தாள். அடியில் கரி, மேலே பச்சை மாவு.

"என்ன இது?"

"கல்லைச் சுரண்டலாம்னுதான் பார்த்தேன். ஆட்சேபணை வந்திருக்குமோன்னு பயமா இருந்துச்சு."

சாப்பிட்டேன். தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்தது.

ஆட்சேபணையைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அது அலுவலக ரகசியம். ஆனால் முன்னறைக்கு அளவு கொடுக்க வரும் பெண்களில் சிலர் துணியே கொண்டுவருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். ஞானப்பிரகாசத்தின் மனைவி ஸ்டெல்லா இந்த வாரத்தில் மட்டும் நான்கு தடவை வந்தார். ஒரே ஜாக்கெட்டுக்கு நான்கு தடவை அளவு எடுப்பார்களா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை முடிந்ததும் வேதவல்லி ஒரு தூக்கு நிறையப் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது."

எனக்கும் கால் வலித்தது. ஆனால் கூட்டுக் கடிதத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஞானப்பிரகாசத்தின் வாசல் ஏறினேன். மேட்டுப் பக்கம் இருப்பதால் அவர் வீட்டுக்கு இன்னமும் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்று ஸ்டெல்லா காபி கொண்டுவந்தார். ஞானப்பிரகாசம் பத்து நிமிஷம் வெயிலைப் பற்றிப் பேசினார். நான் பத்து நிமிஷம் கொசுவைப் பற்றிப் பேசினேன். பிறகு அவர் அலமாரியைத் திறந்து ஒரு கனமான கோப்பை எடுத்தார். என் ஆட்சேபணைகள் எல்லாம் வரிசை எண் போட்டு, ஓட்டை போட்டு, நூல் கோத்து இருந்தன.

"இந்த வருஷத்துல இதுவரைக்கும் முப்பத்திரண்டு" என்றார். "கடைசியா வந்தது ஜூலை இருபத்தொண்ணு. தூசி விஷயம். தப்பா நினைக்காதீங்க சார், உங்க ஆட்சேபணை வந்தாத்தான் எனக்கு மனுக் கொடுத்த திருப்தியே வருது."

இப்படிப் பாதுகாத்து வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் நெகிழ்ந்துவிட்டேன். அந்த நெகிழ்ச்சியிலேயே விஷயத்தைச் சொன்னேன். கூட்டுக் கடிதம் போட்டால் சுரண்டுவார்கள், இரண்டு சங்கத்துக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

"செய்யலாமே" என்றார். "மேல யார் சங்கத்துப் பேர் வரும்?"

அகர வரிசையில் போடலாம் என்றேன். 'நலச் சங்கம்' முதலில் வந்தது, அவர் ஒப்பவில்லை. செயலாளர்களின் பெயர் வரிசை என்றேன். அதிலும் நான்தான் முதலில் வந்தேன். உறுப்பினர் எண்ணிக்கைப்படி போடலாம் என்றார். அவரிடம் நூற்றுப் பத்து பேர், என்னிடம் எழுபது பேர், ஆகவே நான் ஒப்பவில்லை. பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்று ஒரு கட்டத்துக்கு வந்தோம். இடது பக்கமா வலது பக்கமா உயர்ந்தது என்று அதற்கு அரை மணி நேரம். கடைசியில் பெயரே போடாமல் முத்திரை மட்டும் வைக்கலாம் என்றார். அவர் முத்திரை என்னுடையதைவிடப் பெரியது என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்டெல்லா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "மழை எந்தச் சங்கத்து மேல முதல்ல பெய்யணும்னும் இப்பவே பேசி முடிச்சுடுங்க" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். தூக்கை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேச்சுவார்த்தை முறிந்தது. முழுப்பொறுப்பும் எதிர்த் தரப்பையே சாரும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸ்டெல்லா தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அரை மணி நேரம் முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். 'வலப்பக்கம்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தால் வாசலில் ஒரு டெம்போக்காரர் நிற்கிறார். மெஷின்களை எட்டிப் பார்த்து, நீளம் அகலம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். ஓசூருக்கு ஒரே நடையில் போய்விடும் என்றார். முன்னறையில் அட்டைப்பெட்டிகள். இரண்டு மெஷினுக்குப் பழைய போர்வை சுற்றியாகிவிட்டது.

"என்ன வேதா இது? மழையே இன்னும் வரலையே."

"வந்தப்புறம் கட்டினா நனைஞ்சுடும்ல."

"நான் பேசிக்கிட்டிருக்கேன். மனு நடவடிக்கையில இருக்கு."

"சரிங்க" என்றாள். "இருபதாம் தேதிக்குத்தான் வண்டி சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நடவடிக்கை முடிஞ்சா சொல்லுங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்கும். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். முப்பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள், பாத்திரம் உருட்டியிருக்கிறாள், அப்போதெல்லாம் நான் பயந்ததே இல்லை. இன்று பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் மெஷின் சத்தம் இல்லாமல் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

முருங்கைக்காய் முற்றல்.

செப்டம்பர் 10, புதன்

பொறியாளர் பர்வீனுக்குப் போன் செய்து, ஆட்சேபித்தவர் உடல்நலக் குறைவால் வர முடியாவிட்டால் தபாலில் வாபஸ் அனுப்பலாமா என்று கேட்டேன். "நேர்ல வரணும் சார். உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். பல்வலி என்றேன். "பல்வலியோடதானே எழுதினீங்க, அதோடவே வந்து வாபஸ் வாங்குங்க" என்றார். பல்வலியைப் பற்றி இந்த டைரியைத் தவிர வேறு எங்கும் நான் சொன்னதாக ஞாபகமில்லை.

டைரியை இடம் மாற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தது யோசிக்காமல் செய்த காரியம். பீரோவுக்கு மாற்றினேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேச்சு தயார். நான்கு பக்கம். சங்கத்தின் வரலாறு, சாலைகளின் வரலாறு, 'புதிய தகவல்களின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை' என்று ஒரு பகுதி. கடைசிப் பத்தியில் வாபஸ் என்ற சொல் யாருக்கும் தெரியாமல் வந்து போகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

பகுதி சபைக் கூட்டம் மாநகராட்சிப் பள்ளியில் நடந்தது. அறுபது எழுபது பேர். உட்கார ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகள், முழங்கால் முகவாயில் இடிக்கிறது. மேடையில் கவுன்சிலர் அம்மாவும் பொறியாளரும். முதல் வரிசையின் ஒரு கோடியில் ஞானப்பிரகாசம், மறு கோடியில் நான். பெண்கள் பக்கத்தில் வேதவல்லியும் ஸ்டெல்லாவும் ஒரே பெஞ்சில்.

ஏழாவது பொருள் எங்கள் சாலை. பொறியாளர் வாசித்தார். "ஆட்சேபணை நிலுவையில் இருப்பதால் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே அமைக்கப்படும். இதுபற்றி யாராவது பேசறீங்களா?"

யாரும் பேசவில்லை. எல்லோரும் எதையோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தார்கள். நான் வேதவல்லியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சேலை முந்தியில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அடுத்த பொருள்" என்று பொறியாளர் தாளைப் புரட்டினார்.

எழுந்துவிட்டேன். நான்கு பக்கமும் கையில் இருந்தது. கண்ணாடி பையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"அந்த ஆட்சேபணையை எழுதினது நான்தான்" என்றேன். "மண்டல ஆபீஸ் பலகையில ஒட்டியிருந்த மனுவைப் பார்த்தேன். யார் லெட்டர்ஹெட்டுன்னு பார்த்ததும் எழுதிட்டேன். என் வீட்டு வாசல்கூட எனக்கு ஞாபகம் வரலை. அதை வாபஸ் வாங்கறேன்."

அப்போது மறு கோடியிலிருந்து ஒரு குரல். "ஆட்சேபிக்கிறேன்!"

ஞானப்பிரகாசம். எழுந்து, கையை உயர்த்தி நிற்கிறார்.

"எதை சார் ஆட்சேபிக்கிறீங்க?" என்றார் பொறியாளர்.

"அவர் வாபஸ் வாங்குறதை."

"அப்போ சாலையைச் சுரண்ட வேண்டாமா?"

"சுரண்டணும். அது எங்க மனு."

"அவர் வாபஸ் வாங்கினாத்தான் சார் சுரண்ட முடியும்."

உயர்த்திய கை அப்படியே நின்றது. பாவம், அதை இறக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நான் பேசி முடித்ததும் அவருக்குத் தானாக வந்துவிட்டது, பழக்கதோஷம். அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா, "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. கவுன்சிலர் அம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

'ஆட்சேபணை வாபஸ் பெறப்பட்டது. வாபஸுக்கான ஆட்சேபணையும் வாபஸ் பெறப்பட்டது. ஏகமனதாக நிறைவேறியது' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். சிதம்பரநாதன் விழித்திருந்த முதல் ஏகமனது இதுதான்.

வீடு வரும்வரை வேதவல்லி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கீரைக்காரியிடம் மட்டும் பேரம் பேசினோம்.

செப்டம்பர் 20, சனி

டெம்போ வந்தது. வேதவல்லி வாசலிலேயே நிறுத்தி, மழைவரைக்கும் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் திருப்பி அனுப்பினாள். பெட்டிகளை மட்டும் பிரிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

மெஷின் வந்து இரண்டு நாள் சுரண்டியது. வெட்டிய ஓரத்தில் எத்தனை சாலை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது என்று ஞானப்பிரகாசமும் நானும் குனிந்து எண்ணினோம். நான் ஐந்து என்றேன், அவர் ஆறு என்றார். தேர்தலுக்கு ஒரு சாலை என்ற கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

தூசி உண்மையிலேயே பயங்கரம். மூன்று நாளாகத் தும்மல், இருமல், கண்ணெரிச்சல். மனுவில் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. வேதவல்லி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அக்டோபர் 11, சனி

புதுச் சாலை. வீட்டுக்கு இப்போது இறங்க வேண்டியதில்லை, ஒரு படி ஏறுகிறோம்.

அக்டோபர் 17, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. பத்து மணிக்குத் தெருவே தெரியவில்லை. நானும் அவளும் முன்னறை வாசற்படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது. இன்னும் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு வாசற்படிக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. நான் குனிந்து விரல் வைத்து அளந்தேன். ஒரு மணிக்கும் நான்கு விரல். இரண்டு மணிக்கு ஐந்து.

வேதவல்லி உள்ளே போய் மெஷினுக்குச் சுற்றியிருந்த போர்வைகளைப் பிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் என்று சொல்லலாம். ஆனால் நான் உள்ளேதான் நின்றிருந்தேன்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டே நாள். காலையிலிருந்து மெஷின் ஓடுகிறது. ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்க ஆள் போதவில்லை என்று என்னையும் உட்கார வைத்துவிட்டாள். ஒன்பதாவது கொக்கியில் இருந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஒண்ணு கேட்கணும். ஜூலையில அதை எழுதறப்போ, முதல் கையெழுத்து என்னோடதுன்னு பார்த்துட்டு எழுதினீங்களா, பார்க்காம எழுதினீங்களா?"

இரண்டு மாதமாக எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு மட்டும் இல்லை.

"சத்தியமாப் பார்க்கலை வேதா. முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

மெஷின் நின்றது.

"அதுதாங்க எனக்குக் கஷ்டமா இருக்கு. பார்த்துட்டு எழுதியிருந்தா ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். பார்க்கவே இல்லைன்னா நான் யாரோட சண்டை போடறது?" கையிலிருந்த துணியை மடித்தாள். "மே மாசம் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன், சுரண்டச் சொல்லி ஒரு மனு கொடுங்கன்னு. பேப்பர் படிச்சுக்கிட்டே, 'எழுத்து மூலமாக் கொடு, பரிசீலிக்கிறோம்'னீங்க. எழுதினேன். நீங்க அதைக் கையில வாங்கலை, டீப்பாய் மேல வைன்னீங்க. பத்து நாள் கழிச்சு டீ டம்ளருக்கு அடியிலிருந்து நானே எடுத்து, ஸ்டெல்லா வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தேன். அவர் அன்னிக்கே படிச்சார்."

எனக்கு இது ஞாபகமில்லை. ஆனால் நான் சொல்லக்கூடியதுதான், நான் செய்யக்கூடியதுதான். ஊரில் ஒரு மனு காணாமல் போகக்கூடாது என்று நாலு வருஷம் போராடியவன் நான். தலை நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது என்று எழுதிவிடுகிறேன், அவளும் படிக்கட்டும்.

பிறகு அளவு நோட்டுக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள். வெள்ளைத் தாள், எந்தச் சங்கத்தின் பெயரும் இல்லை. தெருவில் தேங்கும் தண்ணீர் ஏரிக்குப் போக வடிகால் கேட்டு மனு. முதல் கையெழுத்து அவளுடையது. இருபத்தாறாவதாக ஞானப்பிரகாசம் போட்டிருந்தார். இருபத்தேழு காலி.

"படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு பக்கமும் படித்தேன். பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை படித்தேன். அவள் மெஷினில் கை வைத்தபடி, ஓட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வடிகாலைக் கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கே" என்றேன். "அது தப்பு. பள்ளம் மேற்கேதான் இருக்கு. இதுல எனக்கு ஆட்சேபணை இருக்கு."

வேதவல்லி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

இன்று மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் நடந்தது.